ஆஸ்திரேலியன் ஓப்பன் பார்க்கப் போறமுங்க: பெரிய அரங்கமா, கிரவுண்ட் பாஸா?

கொரங்காட்டான்

எல்லாருக்கும் வணக்கமுங்க. காங்கயத்துக்குத் தெக்க நம்ம ஊரு. பண்ணையம்தான் சோலி. என்ற பையன் நாலு வருசமா மெல்பர்ன்ல இருக்கான். இந்தத் தைக்கு வந்தே ஆகோணும்னு எங்க ரெண்டு பேருத்துக்கும் டிக்கெட் போட்டுட்டான். 15ஆம் தேதி வியாழக்கிழமை பொங்கல், அடுத்த நாள் கட்டுத்தரையில பட்டிப்பொங்கல் வெச்சு முடிச்சுட்டு, 17ஆம் தேதி கோயமுத்தூர்ல ஏறி சிங்கப்பூர் வழியாப் போறமுங்க.

நாங்க போய் எறங்குற 18ஆம் தேதிதான் அங்க ஆஸ்திரேலியன் ஓப்பன் தொடங்குதாமா. பிப்ரவரி 1 வரைக்கும் நடக்குமாம். "ஒரு நாள் லீவு போட்டுக் கூட்டீட்டுப் போறேன், எந்த நாள்னு நீங்களே சொல்லுங்கப்பா"ங்கறான். ராட் லேவர் அரங்கத்துல கடைசி வாரம் ஒரு ராத்திரி ஆட்டம், இல்லீன்னா கிரவுண்ட் பாஸ்னு ஒண்ணு வாங்கி மொத வாரம் ஒரு பகல், இது ரெண்டுல ஒண்ணாம். ராட் லேவர் டிக்கெட்டு விலையக் கேட்டுப்போட்டு எங்கூட்டுல "அதுல ஒரு கன்னுக்குட்டி புடிச்சாரலாம்"னுட்டா.

நான் டென்னிஸ் தொட்டதில்லீங்க. படிக்கறப்போ பூப்பந்து ஆடுவேன். பள்ளிக்கூடத்து டீமுல முன்னாடி நின்னு வலையோரம் தட்டி விடறது நம்ம வேலை. அந்த ஆசையில டிவியில டென்னிஸ் பாக்கறதுண்டு. ஆனா 15, 30, 40ன்னு ஏறுற கணக்கு மட்டும் இன்னைக்கு வரைக்கும் மண்டையில ஏறலீங்க. 30க்கு அப்பறம் 45தான வரோணும்?

வெயிலு அதிகம்னு பயமுறுத்தறாங்க. நாம பாக்காத வெயிலா? சோறு கட்டிக்கிட்டு உள்ள போக விடுவாங்களா? ஊட்டுக்காரிக்கு முட்டி வலி, எத்தன தூரம் நடக்கோணும்? போய்ட்டு வந்தவிய யாராச்சும் இருந்தாச் சொல்லுங்.

ராத்திரி ஷிப்ட், திருப்பூர்

அண்ணா, கன்னுக்குட்டியே வாங்கிக்கங்க. அதுவாச்சும் ராத்திரி ஒரு மணிக்குள்ள தூங்கிரும், அங்க ராத்திரி ஆட்டம் அதுக்கு மேலயும் இழுக்கும்.

சும்மா சொன்னேன். போய்ட்டு வாங்க. நம்ம கோபி டீச்சரம்மாவ யாராச்சும் கூப்பிட்டு விடுங்க, அவிய வருசா வருசம் அங்கதான் இருப்பாங்க.

கோபி டீச்சரம்மா

கூப்பிட வேண்டியதில்ல, பார்த்துட்டேன். கொஞ்சம் நீளமா எழுதுவேன். கணக்கு டீச்சரா 31 வருஷம் கரும்பலகை முன்னாடி நின்ன வாய், சட்டுனு நிக்காது.

முதல்ல முடிவைச் சொல்லிடறேன் தம்பி. ராட் லேவர் வேண்டாம். முதல் வாரம், கிரவுண்ட் பாஸ், பகல்.

என் பெரிய பொண்ணு மெல்பர்ன்ல கிளென் வேவர்லிங்கற பகுதியில இருக்கா. 2019 டிசம்பர்ல அவளோட பேறுகாலத்துக்குத்தான் முதல்ல போனேன். அந்த ஜனவரி முழுக்க காட்டுத்தீப் புகை. வெளியே ஒரு நடை நடக்க முடியாது. கைக்குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு டிவியைப் பார்த்தா, தகுதிச் சுற்றுல ஒரு ஸ்லோவேனியப் பொண்ணு அந்தப் புகைக்கு இருமி இருமி, ஜெயிச்சுக்கிட்டிருந்த ஆட்டத்தைப் பாதியில விட்டுட்டுப் போறா. யார் இவங்க, எதுக்கு இப்படி உயிரைக் குடுத்து ஆடறாங்கன்னு பார்க்க ஆரம்பிச்சதுதான். அப்புறம் 2023, 2024, 2025 மூணு வருஷமும் நேர்லயே போய்ட்டேன். எங்க வீட்டுக்காரர் கூட வந்தது ஒரு தடவை. அவருக்கு அது கடைசித் தடவையும்கூட. "ரெண்டு பேர் பந்து அடிக்கறதுக்கு இத்தனை கும்பலா"ன்னுட்டார்.

இப்ப கணக்கு. ஆம்பளைங்க ஒற்றையர்ல 128 பேர், பொம்பளைங்கள்ல 128 பேர். தோத்தா வெளியே. ஒரு ஆட்டத்துக்கு ஒருத்தர் வெளியே போறாங்க, கடைசியில ஒருத்தர் மட்டும் மிச்சம். அப்ப ஒரு பிரிவுக்கு மொத்தம் எத்தனை ஆட்டம்? வகுப்புல இதைக் கேட்டா பசங்க 64, 32, 16ன்னு கூட்டிக்கிட்டு இருப்பாங்க. கூட்டவே வேண்டாம், 127 பேர் தோக்கணும், அதனால 127 ஆட்டம். அதுல பாதிக்கு மேல, 64 ஆட்டம், முதல் சுற்றுலேயே முடிஞ்சிரும். ரெண்டு பிரிவும் சேர்த்து முதல் சுற்றுக்கு 128 ஆட்டம். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூணு நாள்ல அத்தனையும். ஒரு நாளைக்கு நாப்பதுக்கு மேல! புதன், வியாழன் ரெண்டாம் சுற்று, நாளைக்கு 32 ஆட்டம். அதோட இரட்டையர் ஆட்டமும் சேர்ந்துக்கும்.

ரெண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை பார்த்தீங்கன்னா கால் இறுதி. பெரிய ஆட்டமெல்லாம் ராட் லேவர்குள்ள போயிரும். அன்னைக்கு கிரவுண்ட் பாஸ் விலை குறைஞ்சிருக்கும்தான், ஆனா வெளிக் களத்துல ஜூனியர் பசங்க, சக்கர நாற்காலி ஆட்டம், மூத்த இரட்டையர்தான் இருக்கும். அதுவும் நல்லா இருக்கும், இல்லேங்கல. ஒரே ஒரு நாள் போறவங்க முதல் வாரம் போகணும்ங்கறதுதான் என் கட்சி.

கிரவுண்ட் பாஸ்ங்கறது நம்ம தேர்த்திருவிழா மாதிரி. உள்ள நுழைஞ்சுட்டா இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நாமளே சுத்திக்கலாம். வெளிக் களம் அத்தனையும் திறந்திருக்கும். ராட் லேவர், மார்கரெட் கோர்ட் ரெண்டு அரங்கத்துக்கும் தனி டிக்கெட். கியா அரங்கம், ஜான் கெய்ன் அரங்கம் இதுல நம்பர் போடாத சீட்டுகள்ல கிரவுண்ட் பாஸ்காரங்க உட்காரலாம், சீக்கிரம் போய் இடம் பிடிக்கணும். பையனை வாங்கறப்போ எந்த அரங்கமெல்லாம் சேர்த்தின்னு பார்த்து வாங்கச் சொல்லுங்க.

வெளிக் களத்துல என்ன விசேஷம்னா, தூரம். ராட் லேவர்ல கிட்டத்தட்ட 15,000 பேர் உட்காருவாங்க. மேல் வரிசையில இருந்து பார்த்தா பந்து தெரியும், அதோட வேகம் தெரியாது. டிவியிலயும் தெரியாது, கேமரா மேல இருந்து பார்க்குது இல்லையா. ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர் களத்துல ரெண்டாவது வரிசையில உட்காருங்க. சர்வீஸ் போட்ட சத்தமும் பந்து நம்மளத் தாண்டினதும் ஒண்ணாத்தான் தெரியும். ஷூ தரையில கிறீச்சுனு இழுக்கற சத்தம், ஆட்டக்காரர் தனக்குத்தானே திட்டிக்கறது (பாஷை புரியாட்டியும் திட்டுன்னு புரியும்), பந்து பொறுக்கற பிள்ளைங்க ஓடற ஓட்டம், அத்தனையும் கைக்கெட்டற தூரம். நீங்க வலையோரம் ஆடினவர். உங்களுக்கு இரட்டையர் ஆட்டம்தான் ரொம்பப் பிடிக்கும்னு நான் இப்பவே பந்தயம் கட்டறேன். வலைக்குப் பக்கத்துல நிக்கறவன் முதுகுக்குப் பின்னால விரலைக் காட்டி, அடுத்து எந்தப் பக்கம் பாயப் போறேன்னு கூட்டாளிக்குச் சொல்லுவான். அதைப் பாருங்க.

உங்க பூப்பந்துக்கும் இதுக்கும் வித்தியாசம்: அங்க மஞ்சக் கம்பளிப் பந்து தரையில பட்டாப் போச்சு. இங்க ஒரு தடவை குத்தி எழும்பலாம். அதனால தரைதான் பாதி ஆட்டம். 1987 வரைக்கும் கூயோங்ங்கற இடத்துல புல்லுல ஆடினாங்க. 1988ல இப்ப இருக்கற மெல்பர்ன் பார்க்குக்கு வந்தப்போ கெட்டித் தரையாச்சு. முதல்ல பச்சை, 2008ல இருந்து நீலம். 2020ல போட்ட தரைக்குப் பேரு கிரீன்செட், கலர் என்னமோ நீலம்தான்! மஞ்சப் பந்து நீலத்துல பளிச்சுனு தெரியும். கெட்டியான அடித்தளத்து மேல அடுக்கடுக்கா அக்ரிலிக் பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, அந்தப் பெயிண்ட்ல மணல் கலந்திருக்கும். மணல் சொரசொரப்பு கூடினா பந்தைப் பிடிச்சு இழுத்து மெதுவாக்கும், கம்மியானா வழுக்கிக்கிட்டுப் பறக்கும். ஆட்டத்தோட வேகத்தை அந்த மணல் தீர்மானிக்குது பாருங்க.

15, 30, 40 பத்தி மூளையைக் கசக்காதீங்க. 45ன்னு இருந்ததைச் சொல்றதுக்குச் சுலபமா 40ன்னு சுருக்கிட்டாங்கன்னு ஒரு கதை சொல்லுவாங்க. நீங்க ஒண்ணு, ரெண்டு, மூணுன்னே எண்ணுங்க. நாலு பாயிண்ட் எடுத்தா ஒரு கேம், ஆனா ரெண்டு பாயிண்டாவது முன்னாடி இருக்கணும். மூணுக்கு மூணு ஆனா டியூஸ். ஆறு கேம் எடுத்தா ஒரு செட், அதுலயும் ரெண்டு வித்தியாசம். ஆறுக்கு ஆறு ஆனா டைபிரேக்: ஏழு பாயிண்ட் ஓட்டம். பொம்பளைங்களுக்கு மூணு செட்டுல ரெண்டு, ஆம்பளைங்களுக்கு ஒற்றையர்ல அஞ்சுல மூணு. கடைசி செட்டும் ஆறுக்கு ஆறு போச்சுன்னா, 2019ல இருந்து இங்க பத்து பாயிண்ட் டைபிரேக். நீங்க 29 வரைக்கும் எண்ணி ஆடினவர், இது என்ன பிரமாதம்.

இன்னொண்ணு, கோட்டுல நின்னு கையைக் காட்டற ஆளைத் தேடாதீங்க. 2021ல இருந்து எல்லாக் களத்துலயும் கேமராதான் "அவுட்"னு சொல்லுது. மனுசக் குரலைப் பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. யாருகிட்டயும் சண்டைக்குப் போக முடியாம ஆட்டக்காரங்க வானத்தைப் பார்க்கறது தனி வேடிக்கை.

வெயில். இதைத் தயவுசெஞ்சு கவனமாப் படிங்க. "நாம பாக்காத வெயிலா"ன்னு நானும் 2023ல தொப்பி இல்லாமப் போனவதான். சேலைத் தலைப்பைப் போட்டுக்கிட்டு நாலு மணி நேரம். நம்ம ஊர் வெயில்ல வேர்த்து ஊத்தும், உடம்பே எச்சரிக்கை பண்ணும். அங்க வேர்வை வர்றதும் காயறதும் தெரியாது, ஆனா தோல் தீஞ்சு போகும். ராத்திரி பார்த்தா கழுத்துல, முன்னங்கையில எல்லாம் கொப்புளம். மக திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு. முழுக்கை சட்டை, அகலமான தொப்பி, சன்ஸ்கிரீன் மூணும் வேணும். சன்ஸ்கிரீனை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மறுபடி பூசணும்.

அங்க சூடான காத்து வடக்கே பாலைவனத்துல இருந்து வரும், தெற்குக் காத்துதான் குளிர்ச்சி. தை மாசத்து உச்சி வெயில் நமக்குத் தெற்கால சாயும், அங்க வடக்கால சாயும். தோட்டத்துல நீங்க போடற நிழல் கணக்கு அப்படியே தலைகீழ். மத்தியானத்துக்கு மேல மேற்குப் பக்கத்து வரிசையில உட்காருங்க, வெயில் முதுகுக்குப் போயிரும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தா ஆட்டமே தெரியாது, கண்ணைச் சுருக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்.

2014ல நாலு நாள் தொடர்ந்து 41 டிகிரிக்கு மேல கொளுத்தி ஆட்டத்தையே நிறுத்தினாங்க. இப்ப ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் ஒரு அளவுகோல் வெச்சிருக்காங்க. வெறும் டிகிரி மட்டும் இல்ல, வெயில்ல இருந்து அடிக்கற அனல், காத்து வேகம், ஈரப்பதம் நாலையும் சேர்த்த கணக்கு. நாலுக்கு வந்தா ஆட்டத்துக்கு நடுவுல ஆட்டக்காரங்களுக்குப் பத்து நிமிஷம் ஓய்வு. அஞ்சுக்கு வந்தா வெளிக் களத்துல ஆட்டம் நின்னுரும். கூரை மூடற மூணு அரங்கத்துல மட்டும் மூடிக்கிட்டு ஆடுவாங்க. கிரவுண்ட் பாஸ்ல இருக்கற ஆபத்து இதுதான், மறைக்க மாட்டேன். அப்படிப்பட்ட நாள்ல கையில பாஸ் இருந்தும் மரத்தடியில உட்கார்ந்து பெரிய திரையில பார்க்க வேண்டியதுதான்.

சோறு தாராளமாக் கொண்டு போகலாம். கண்ணாடி பாட்டிலும் மதுவும்தான் ஆகாது. நான் தயிர் சாதமும் மாங்காய் ஊறுகாயும் கொண்டு போனேன். வாசல்ல டப்பாவைத் திறக்கச் சொன்ன பையன் ஊறுகாய் வாசத்துக்கு ஒரு எட்டு பின்னாடி போனான். அப்புறம் சிரிச்சுட்டு விட்டுட்டான். காலி தண்ணி பாட்டில் கொண்டு போங்க, உள்ள பிடிக்கற இடம் நிறைய இருக்கு. அங்க கடையில உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கற காசுக்கு நாம இங்க ஒரு வேளை விருந்து வெச்சிரலாம்.

முட்டி வலி பத்தித் தனியாக் கேளுங்க, கை வலிக்குது. சாயங்காலம் எழுதறேன்.

சேரன் எக்ஸ்பிரஸ், கோவை

டீச்சரம்மா சொன்னதுல முக்கால்வாசிக்கு நான் கும்பிடு. ஆனா ராட் லேவர் வேண்டாம்னு ஒரே போடாப் போட்டதை ஏத்துக்க மாட்டேனுங்க.

நான் ஒரு காலத்துல ஜனவரி வந்தா சேரன் எக்ஸ்பிரஸ்ல ஏறி நுங்கம்பாக்கம் போனவன். சென்னை ஓப்பன் 1997ல இருந்து 2017 வரைக்கும் அங்க நடந்துச்சு, அடுத்த வருசம் புனேக்குப் போயிருச்சு. கெட்டித் தரை, வருசத்தோட முதல் வாரம். மெல்பர்னுக்குப் போற வழியில கை காலை உதறிக்க வர்ற மாதிரி ஆட்டக்காரங்க வருவாங்க. 2014ல வாவ்ரிங்கா நம்ம நுங்கம்பாக்கத்துல கோப்பையத் தூக்கிட்டு, அதே மாசம் மெல்பர்ன்ல நடாலைத் தோக்கடிச்சு அதையும் தூக்கினாரு. டிவியில பார்த்துக்கிட்டு "எங்காளு"ன்னு கத்துனேன்.

2008ல நடாலும் மோயாவும் ஆடுன அரையிறுதி. மூணு செட்டும் டைபிரேக், நாலு மணி நேரத்துக்கு ஆறு நிமிசம்தான் கம்மி. ஜெயிச்ச நடால் அடுத்த நாள் இறுதியில யூஷ்னிகிட்ட 0-6, 1-6ன்னு தோத்தாரு. கால்ல உசுரே இல்ல. அந்த அரையிறுதி ராத்திரி அரங்கமே எந்திரிச்சு நின்னுச்சு பாருங்க, அது வெளிக் களத்துல நூறு பேரோட உக்காந்தாக் கிடைக்காது. கும்பலும் ஆட்டத்துல ஒரு பங்குங்க.

அண்ணன் வாழ்க்கையில ஒரே தடவை போறாரு. ராட் லேவர்ங்கற மனுசன் 1962லயும் 1969லயும் ஒரே வருசத்துல நாலு பெரிய கோப்பையையும் வாங்குனவரு. அவர் பேருல இருக்கற அரங்கத்துக்குப் போயும் உள்ள காலு வெக்காம வர்றதா?

கோபி டீச்சரம்மா

சேரன் தம்பி, அந்த ஆட்டத்துக்கு நீங்க டிக்கெட் வாங்கறப்போ அப்படி நடக்கும்னு தெரிஞ்சா வாங்கினீங்க? ராத்திரி டிக்கெட்டுங்கறது சீட்டு குலுக்கற மாதிரி. 2024ல மருமகன் ஆசையா எனக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்தார். முதல் ஆட்டம் ஒரு மணி நேரத்துல 6-1, 6-2. ரெண்டாவது ஆட்டம் அதுக்கு நேர்மாறு, முடியவே இல்ல. ஒன்றரை மணிக்குப் பாதியில எந்திரிச்சு வெளியே வந்தா எங்க லைன்ல கடைசி ரயில் போயிருச்சு. மருமகன் கார் எடுத்துக்கிட்டு வந்தார். காலையில அவருக்கு வேலை. எனக்குத்தான் மனசு கேக்கல.

அங்க ராத்திரி ஆட்டம் எங்க போய் முடியும்னு பிரம்மனுக்கே தெரியாது. 2023ல மரேயும் கொக்கினாக்கிஸும் ஆடி முடிச்சது காலை 4:05. 2008ல ஹியூவிட்டும் பாக்தாதிஸும் ஆடினது 4:34. நம்ம ஊர்ல பால்காரர் வந்துட்டுப் போற நேரம்.

கும்பல் வேணும்னா ஆறாம் நம்பர் களத்துக்குப் போகச் சொல்லுங்க. பக்கத்துலயே ரெண்டு மாடிக்கு மதுக்கடை கட்டி விட்டிருக்காங்க. கிளாஸ் சத்தமும் கூச்சலுமா கோயில் கடை மாதிரி இருக்கும். நான் அந்தப் பக்கமே போறதில்ல.

கொரங்காட்டான்

ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. படிச்சுக் காட்டுனேன், எங்கூட்டுல தயிர் சாதம்னதுமே டீச்சரக்கா கட்சிக்குப் போயிட்டா. பையனும் 21ஆம் தேதி புதன்கிழமை லீவு கிடைக்கும்னுட்டான்.

முட்டி வலிக்கு ஒரு வழி சொல்லுங்க டீச்சரக்கா. பொறவு நம்மாளுங்க யாராச்சும் அங்க நல்லா ஆடியிருக்காங்களா? பேரத் தெரிஞ்சுக்கிட்டுப் போனா பையன் முன்னாடி கொஞ்சம் கெத்தா இருக்குமுங்க.

கோபி டீச்சரம்மா

புதன் ரொம்ப நல்ல நாள். ரெண்டாம் சுற்று, அதோட இரட்டையர் தொடங்கிரும்.

நடை: ஃபிளிண்டர்ஸ் ஸ்டேஷன்ல இருந்து யாராங்கற ஆத்தங்கரை ஓரமா நடந்தா எனக்கு இருபது நிமிஷம். வழி அழகா இருக்கும், ஆனா தங்கச்சிக்கு வேண்டாம். 70ஆம் நம்பர் டிராம்ல ஏறினா வாசல் பக்கத்துலயே விட்டுரும். உள்ள போனப்புறம்தான் நிஜ நடை, நான் ஒரு நாள் போன்ல பார்த்தப்போ 14,000 அடி காட்டுச்சு. அதனால எல்லாத்தையும் பார்க்கணும்னு அலையாதீங்க. முதல் நாள் சாயங்காலமே அடுத்த நாள் எந்தக் களத்துல யார் யார்னு ஆப்ல போட்டுருவாங்க. பையனை உட்கார வெச்சு ரெண்டு களம் தேர்ந்தெடுங்க. காலையில பத்து மணிக்கு உள்ள போயிருங்க, 11 மணிக்கு முதல் பந்து. நடுவுல இருக்கற ஒரு மணி நேரம் பயிற்சிக் களத்துக்குப் போங்க. ராட் லேவர்ல காசு குடுத்துப் பார்க்க வேண்டிய ஆட்டக்காரங்க அங்க கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு சும்மா பந்து அடிச்சுக்கிட்டு இருப்பாங்க. சேரன் தம்பி, கேட்டுக்கங்க.

ஒரு பாயிண்ட் நடக்கறப்போ எந்திரிக்கக் கூடாது, பேசக் கூடாது. போன் மணியை அணைச்சு வெச்சுருங்க. முன்னெல்லாம் ஆட்டக்காரங்க பக்கம் மாறறப்போ மட்டும்தான் உள்ள விடுவாங்க. 2023ல ஒரு களத்து வாசல்ல நின்னு நின்னு எனக்குக் கால் கடுத்துப் போச்சு. 2024ல இருந்து ஒவ்வொரு கேமுக்கு இடையிலயும் விடறாங்க. ஆட்டக்காரங்க சில பேருக்கு இது பிடிக்கல, நமக்கு வசதி. எதிராளி தப்பு பண்ணினா கை தட்டாதீங்க, அதை மட்டும் அங்க அநாகரிகமா நினைப்பாங்க.

நம்மாளுங்க இல்லாம என்ன. 1989ல மெட்ராஸ்காரர் ரமேஷ் கிருஷ்ணன் இதே மெல்பர்ன்ல மாட்ஸ் விலாண்டரைத் தோக்கடிச்சார். விலாண்டர் அப்ப உலகத்துல முதல் ஆளு, முந்தின வருஷம் அதே கோப்பையை வாங்கினவர். அதுக்கப்புறம் 35 வருஷம் எந்த இந்திய ஆம்பளையும் கிராண்ட்ஸ்லாம்ங்கற நாலு பெரிய போட்டியோட ஒற்றையர்ல, முன்னணி ஆளுன்னு வரிசை நம்பர் குடுத்த (சீடுன்னு சொல்லுவாங்க) ஒருத்தரைத் தோக்கடிக்கல. 2024ல சுமித் நாகல், கஜகஸ்தான்காரர் அலெக்சாண்டர் பப்ளிக்கைத் தோக்கடிச்சப்போதான் அந்தக் கணக்கு தீர்ந்தது. அதே வருஷம் ரோகன் போபண்ணா, ஆஸ்திரேலியாக்காரர் எப்டனோட சேர்ந்து இரட்டையர் கோப்பை வாங்கினார். வயசு 43. குடகுக்காரர், நம்ம மலைக்கு அந்தப் பக்கம்தான். பொம்பளைங்க இறுதி ஆட்டம் முடிஞ்சப்புறம்தான் அவங்க ஆட்டத்தை வெச்சாங்க. வீட்ல டிவி முன்னாடி உட்கார்ந்து நானும் பேரனும் பார்த்தோம். பேரன் தூங்கிட்டான். நான் தூங்கல.

ஒரு நுணுக்கம் சொல்றேன், பையன்கிட்ட கெத்துக்கு ஆகும். பந்து புதுசு மாத்தறதை எண்ணுங்க. முதல் தடவை ஏழு கேமுக்கு அப்புறம், அதுக்கு மேல ஒன்பது கேமுக்கு ஒருக்கா. ஆட்டத்துக்கு முன்னாடி அடிச்சுப் பழகறதுக்கும் அதே பந்துங்கறதால முதல்ல ரெண்டு கம்மி. புதுப் பந்து வந்தா சர்வீஸ் போடறவர் அதைத் தூக்கி எதிராளிக்குக் காட்டுவார். பந்தோட பஞ்சு அமுங்கி இருக்கறதால வேகமாப் போகும், பழசாக ஆக முடி கிளம்பி மெதுவாகும்.

ஒரு ஸ்வெட்டரும் எடுத்துக்கங்க. சிரிக்காதீங்க. தெற்குக் காத்து திரும்பினா ஒரு மணி நேரத்துல பதினஞ்சு டிகிரி இறங்கும். அப்புறம், நெய், ஒப்புட்டு, கருவேப்பிலைன்னு பெட்டியில அமுக்காதீங்க. அங்க ஏர்போர்ட்ல குடுக்கற காகிதத்துல சாப்பாட்டுச் சாமான் இருக்குன்னு மறைக்காம எழுதிருங்க. மறைச்சா அபராதம் போடுவாங்க.

பவானி ஜமுக்காளம்

போக முடியாத எங்களுக்கும் ஒரு வார்த்தை. மெல்பர்ன் நேரம் நமக்கு அஞ்சரை மணி நேரம் முன்னாடி. அங்க 11 மணி முதல் பந்துன்னா நமக்குக் காலை 5:30. ராத்திரி ஆட்டம் 7 மணிக்குன்னா நமக்கு மத்தியானம் 1:30, சாப்பிட்டுட்டு சாஞ்சுக்கிட்டே பார்க்கலாம். சோனி சேனல்ல வருது. 2012ல ஜோகோவிச்சும் நடாலும் 5 மணி 53 நிமிசம் ஆடுன இறுதியப் பாக்க உக்காந்து, அன்னைக்குத் தறி ஓட்டவே இல்ல. அப்பா கேட்டதுக்கு வயித்து வலின்னேன்.

கொரங்காட்டான்

நேத்துதான் ஊரு வந்து சேர்ந்தமுங்க. எழுதலீன்னா டீச்சரக்கா கோவிச்சுக்குவாங்க.

பதினோரு மணிக்கு ஒரு களத்துல உக்காந்தமுங்க. ஆடுனவிய பேரு வாயில நொழையல. பொண்ணுங்க ஆட்டம். ரெண்டாவது வரிசை, மேக்குப் பக்கம். மொத சர்வீஸ் போட்டப்போ நான் தலைய இழுத்துக்கிட்டேன், பந்து எங்கியோ போகுது, இருந்தாலும் இழுத்துக்கிட்டேன். பையன் சிரிச்சான். ஏழாவது கேம் முடிஞ்சு "இப்பப் புதுப் பந்து வருது பாரு"ன்னேன். வந்துச்சு. அந்தப் பொண்ணு பந்தத் தூக்கி எதிராளிகிட்டக் காட்டுச்சு. பையன் என்னைய ஒரு மாதிரிப் பார்த்தான். "உங்களுக்கு எப்பிடிப்பா தெரியும்"ங்கறான். பூப்பந்து ஆடுனவனுக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன். மன்னிச்சுக்கங்க டீச்சரக்கா.

மத்தியானம் இரட்டையர். விரலக் காட்டறத நானே கண்டுபுடிச்சேன். ரெண்டு விரலு காட்டுனா குறுக்கால பாயறான். நாலாவது கேமுல இருந்து அவன் பாயறதுக்கு முன்னாடியே நான் சொல்லிப்போடுவேன், பக்கத்துல உக்காந்திருந்த வெள்ளக்காரரு ஒருத்தரு எங்கூடச் சேந்துக்கிட்டாரு. அவரு பாசை எனக்குத் தெரியாது, எம்பாசை அவருக்குத் தெரியாது. மூணு செட்டு முடியற வரைக்கும் கையக் காட்டிக் காட்டிப் பேசிக்கிட்டோம்.

ஊட்டுக்காரி தயிர் சாதம் தின்னுப்போட்டு நெழல்ல பாதி ஆட்டம் தூங்குனா. முட்டி வலி இல்ல. ஆனா தொப்பி போட்டும் என்ற பொறங்கழுத்துல தோலு உரிஞ்சு போச்சுங்க, அங்க பூச மறந்துட்டேன்.

சேரன் தம்பி, வெளிய வர்றப்போ ராட் லேவர் வாசல்ல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன். உள்ள சத்தம் கேட்டுச்சு. சித்த நேரம் நின்னேன். அடுத்த தைக்கு மருமக வளைகாப்பு இருக்கும் போல, அப்பப் பார்க்கலாமுங்க.